நுனிவிரலில் நிற்கும் கலை

மண்மேல் நடப்பது மனிதர்க்கு இயல்பு. மண்ணை விட்டு எழவேண்டும் என்பது அவர்தம் நெடுநாளைய கனவு. அக்கனவை மேடைமீது மெய்போலக் காட்ட முயன்ற கலைகளுள் ஒன்று, ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்த பாலே நடனம். அந்நடனம் ஆடும் மங்கை முதலில் குதிகாலை உயர்த்துகின்றாள். பின்னர் முன்பாதத்தையும் உயர்த்துகின்றாள். முடிவில் கால்விரல்களின் நுனிமீது நிமிர்ந்து நிற்கின்றாள். அவள் உடலுக்கு எடையே இல்லையோ என்று காண்போர் வியக்கின்றனர். காற்றில் அசையும் இறகு போல அவள் மேடையைக் கடந்து செல்கின்றாள். இவ்வாறு விரல்நுனியில் நின்று ஆடும் முறையைப் பாலே கலைஞர் 'பாயின்ட்' என்பர். நாம் அதனை நுனிவிரல் நடனம் என்று வழங்கலாம்.

இந்நடனத்தைக் கண்ட சிறுமியர் பலருக்கு, அம்மங்கை அணிந்திருக்கும் பட்டுக் காலணியின்மீதே கண் செல்லும். அக்காலணி நமக்கும் கிடைத்தால் நாமும் அவ்வாறே எழுந்து நிற்கலாம் என்று அவர்கள் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது. காலணி எவரையும் தூக்கி நிறுத்துவதில்லை. நிற்பவள் தன் உடல் வலிமையினாலேயே நிற்கின்றாள், காலணி அவளுக்குத் துணை செய்கின்றது, அவ்வளவே. அவ்வலிமை எங்கிருந்து வருகின்றது, அதனைப் பெறுதற்கு ஆண்டுகள் பல வேண்டியிருப்பது ஏன், அவசரப்பட்டவர் அடையும் துன்பம் யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாலே நடனம் இத்தாலி நாட்டு அரண்மனைகளில் அரும்பிப் பிரான்சு நாட்டில் மலர்ந்தது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1661-ஆம் ஆண்டில் நடனத்திற்கென ஒரு கழகத்தையே நிறுவினார். அக்காலத்தில் ஆடியவர்கள் குதிகால் உயர்ந்த காலணிகளை அணிந்திருந்தனர். விரல்நுனியில் நிற்கும் வழக்கம் அன்று இல்லை. 1796-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சார்லஸ் டிடலோ என்ற நடன ஆசிரியர் ஒரு புதுமை செய்தார். மெல்லிய கம்பிகளை உடலில் பிணைத்து, ஆடுவோரை மேடையினின்றும் மேலே தூக்கச் செய்தார். கம்பி தூக்கத் தொடங்கியதும், தரையை விட்டு நீங்குவதற்கு முன், ஆடுபவர் ஒரு கணம் விரல்நுனியில் நிற்பது போலத் தோன்றினார். அந்த ஒரு கணம் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. கம்பி செய்வதைக் கால் செய்ய இயலாதா என்ற கேள்வி கலைஞர் மனத்தில் எழுந்தது.

அக்கேள்விக்கு விடை காணச் சிலர் முயன்றனர். கைகளை வீசி, மூச்சை அடக்கி, முயற்சி முழுவதும் முகத்தில் தெரியுமாறு அவர்கள் ஒரு கணம் நுனிவிரலில் நின்றனர். அது வித்தையாக இருந்ததேயன்றிக் கலையாகவில்லை. அதனைக் கலையாக்கிய பெருமை மேரி டாக்லியோனி அம்மையாரையே பெரிதும் சாரும். 1804-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்த அவருக்குத் தந்தையாரே ஆசிரியராக அமைந்தார். வியன்னா நகரில் மேடையேறுவதற்கு முன், ஆறு திங்கள் வரை, நாள்தோறும் ஆறு மணி நேரம் அவர் மகளைப் பயிற்றினார். காலையில் இரண்டு மணி நேரம் கால்களை வலுப்படுத்தும் பயிற்சி. பின்னர் இரண்டு மணி நேரம் ஒரே நிலையில் அசையாது நிற்கும் பயிற்சி. இரவில் மீண்டும் இரண்டு மணி நேரம் தாவும் பயிற்சி. 1822-ஆம் ஆண்டில் அம்மையார் மேடை ஏறினார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1832-ஆம் ஆண்டில், பாரிசு நகரில் 'லா சில்ஃபீட்' என்னும் நாட்டிய நாடகத்தில் வனதேவதையாகத் தோன்றி ஆடினார். நுனிவிரலில் அவர் நின்றபோது கையில் பதற்றம் இல்லை. முகத்தில் வருத்தம் இல்லை. அவர் அணிந்திருந்த காலணியோ மெல்லிய பட்டுத் துணியால் ஆனது. அதன் நுனியும் ஓரங்களும் நூலால் நெருக்கித் தைக்கப்பட்டிருந்தன. அந்நூல் தையலைத் தவிர வேறு தாங்கல் அதில் இல்லை. எனவே அம்மையாரைத் தாங்கியது காலணியன்று; நாள்தோறும் ஆறு மணி நேரம் பெற்ற பயிற்சியே என்பது தெளிவு.

காலப்போக்கில் காலணியும் மாறியது. இத்தாலி நாட்டார் அதன் நுனியைக் கடினமாக்கினர். மிலான் நகரத்தைச் சேர்ந்த பியரினா லெஞானி அம்மையார் அத்தகைய காலணி அணிந்து உருசிய நாட்டுக்குச் சென்றார். 1895-ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'அன்ன ஏரி' நாட்டிய நாடகத்தில், ஒற்றைக் காலை ஊன்றி 32 முறை இடைவிடாது சுழன்றாடி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். அந்நகரில் பயின்ற அன்னா பாவ்லோவா அம்மையாருக்கு இயற்கை வேறொரு வகையான பாதத்தை அளித்திருந்தது. அவர் பாதத்தின் வளைவு மிக உயர்ந்தது, கணுக்கால் மெலிந்தது. காண்பதற்கு அழகிய அப்பாதம் பளுவைத் தாங்குவதற்கு எளியதன்று. அவர் தம் காலணியின் உள்ளே கடினமான தோலை வைத்து வலுப்படுத்திக் கொண்டார். அது முறையன்று என்று குறை கூறியவர்களும் இருந்தனர். ஆயினும் பிற்காலத்துக் காலணிகளுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. தம் உடலின் குறையை மறைத்துக்கொண்டு ஆடாமல், அதனை அறிந்து அதற்கேற்பப் பயின்றமையே அவர் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

இனி அக்காலணியின் அமைப்பைக் காண்போம். அதன் முன்பகுதி ஒரு சிறு கூடு போன்றது. துணியும் தாளும் பசையும் கொண்டு அடுக்கடுக்காக ஒட்டி, உலரவைத்து அதனைக் கடினமாக்குவர். கூட்டின் நுனி தட்டையாக இருக்கும். நிற்பவளின் எடை முழுவதும் அத்தட்டையான சிறு பரப்பின் வழியாகவே தரையைச் சேர்கின்றது. உள்ளங்காலின் அடியில் தோலாலோ கெட்டி அட்டையாலோ ஆன ஒரு பட்டை உண்டு. பாத வளைவிற்கு அது முட்டுக்கொடுக்கின்றது. மேலே பட்டுத் துணி போர்த்தியிருக்கும். கணுக்காலைச் சுற்றிக் கட்டுவதற்கு நாடாக்கள் உண்டு. இந்நாடாக்களைக் கடையில் தைத்துத் தரமாட்டார்கள். அணிபவளே தன் பாதத்தின் அளவு பார்த்துத் தைத்துக்கொள்ள வேண்டும். முதிர்ந்த கலைஞர் பலர் இன்றும் தம் காலணிக்குத் தாமே ஊசியெடுத்துத் தைக்கின்றனர்.

காலணி பாதத்திற்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாக வாங்குவோம் என்று சிக்கனம் பார்க்கும் தாய்தந்தையர் உண்டு. மற்றக் காலணிகளுக்கு அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. பெரிய காலணிக்குள் பாதம் நழுவி இறங்கும். எடை முழுவதும் பெருவிரலின் நகத்தின்மேல் விழும். சிறிய காலணி விரல்களை நெருக்கி மடக்கும். விரல்கள் மடங்காமல் நீண்டு, கூட்டின் சுவர்களால் எல்லாப் பக்கமும் அணைக்கப்பட்டு நிற்க வேண்டும். அப்போதுதான் பளு நுனியில் மட்டும் விழாமல் பாதம் முழுவதும் பரவும்.

காலணியைக் கண்டோம். அதனினும் நுட்பமான கருவி ஒன்று அதற்குள் இருக்கின்றது. அதுவே பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைப் பிணைநார்கள் ஒன்றோடொன்று கட்டியுள்ளன. தசைகளும் தசைநாண்களும் அவற்றை இயக்குகின்றன. நாம் தரையில் நிற்கும்போது குதிகாலும் முன்பாதமும் உடலின் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. நுனிவிரலில் நிற்கும்போதோ அவ்வெடை முழுவதும் சில சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் இறங்குகின்றது. பரப்பு குறையக் குறைய அழுத்தம் மிகும் என்பது இயற்பியல் விதி. முளையின் முனை கூராக இருந்தால்தான் அது மண்ணில் எளிதில் இறங்கும். அதே விதி இங்கே பாதத்தைச் சோதிக்கின்றது.

அச்சோதனையில் வெற்றி பெற வழி யாது? இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல்நுனி ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். செங்கல்லின் நேர்மேலே செங்கல்லை அடுக்கினால் சுவர் நிற்கும். சிறிது விலகினாலும் சாயும். அதுபோலவே எலும்புகள் நேராக அடுக்கப்பட்டால் பளு எலும்பின் வழியே இறங்கும். விலகினால் தசைநாண்களும் பிணைநார்களும் அதனைச் சுமக்க நேரிடும். இந்நேர்மை அமைவதற்குக் கணுக்கால் நன்கு நீள வேண்டும். பாதத்தின் மேற்பரப்பு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்போடு ஏறத்தாழ ஒரே கோட்டில் வரவேண்டும். கணுக்கால் அவ்வளவு நீளாதவளுக்கு எடை நுனியின் பின்புறத்தே தங்கிவிடும். அவள் முழங்காலை மடக்கியே நிற்பாள். கணுக்கால் மிகுதியாக வளைபவளோ நுனியைத் தாண்டி முன்னே சாய்வாள். வளைவு குறைந்தவளுக்கு நெகிழ்ச்சியும், வளைவு மிகுந்தவளுக்கு வலிமையும் தேவை. ஆதலின் ஒருத்திக்கு உரிய பயிற்சி மற்றொருத்திக்கு அப்படியே பொருந்துவதில்லை.

விரலில் நிற்பது விரலின் வேலை மட்டுமன்று. இக்கலையின் உயிர்நிலை இதுவேயாகும். உள்ளங்காலில் உள்ள சிறு தசைகள் பாத வளைவைத் தாங்குகின்றன. கெண்டைக்கால் தசைகள் குதிகாலை உயர்த்துகின்றன. பெருவிரலை மடக்கும் நீண்ட தசைநாண் ஒன்று கணுக்காலின் உட்புறமாகப் பின்னே செல்கின்றது. நடனமாடுவோர்க்கு அது இன்றியமையாதது. தொடைத் தசைகள் முழங்காலை நேராக்குகின்றன. இடுப்புத் தசைகள் காலை வெளிநோக்கித் திருப்பி நிறுத்துகின்றன. வயிறும் முதுகும் உடலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. நடுவுடல் தளர்ந்து கீழே அமர்ந்தால், அவ்வளவு சுமையும் விரலின்மேல் விழும். நடுவுடல் எழுந்து நின்றால் விரலின் சுமை இலேசாகும். வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கிளை அதனால்தான் நிற்கின்றது.

எனவே இப்பயிற்சியைத் தொடங்குவதற்குத் தகுதி வேண்டும். நடன மருத்துவத்திற்கும் அறிவியலுக்குமான பன்னாட்டுச் சங்கம் இதுபற்றிச் சில நெறிகளை வகுத்துள்ளது. 12 வயதிற்கு முன் தொடங்குதல் கூடாது. எட்டு வயதிலோ அதற்குப் பின்னரோ பாலே கற்கத் தொடங்கி, வாரத்திற்கு இரு முறையேனும் பயில்பவள், நான்காம் ஆண்டில் நுனிவிரற் பயிற்சியைத் தொடங்கலாம். வாரத்திற்கு ஒரு முறை மட்டும் பயில்பவள் அதனை விழையாதிருத்தல் நலம். பாதமும் கணுக்காலும் உடலும் வலுப்பெறாதவளுக்கு முதலில் வலிமைப் பயிற்சி வேண்டும். இவை அந்நெறிகளுள் சில. நாள்தோறும் பல மணி நேரம் பயிலும் தொழிற்பள்ளிகளில் உடல் தகுதி ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் சற்று முன்னரே தொடங்குவதும் உண்டு. பொதுவாகப் பயில்வோர்க்கு அது முன்மாதிரி ஆகாது. வயது என்பது வாயிற்படி மட்டுமே. பன்னிரண்டு வயது நிரம்பிய நாளிலேயே எவரும் தகுதி பெற்றுவிடுவதில்லை.

அத்தகுதியைத் தேடித் தரும் பயிற்சிகள் எளியவை. ஆனால் இடைவிடாமல் செய்யப்பட வேண்டியவை. முதலாவது 'பிளியே' என்னும் மடிப்பு. நம் பரதநாட்டியத்தில் அரைமண்டி இருப்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். முதுகு நிமிர்ந்திருக்க, முழங்கால்கள் விரல்களுக்கு நேராக விரிந்து மடிய வேண்டும். எழுவதற்கும் தாவுவதற்கும் இதுவே வித்து. இரண்டாவது 'தாந்து' என்னும் நீட்டல். பாதத்தைத் தரையோடு தேய்த்தவாறே முன்னும் பக்கமும் பின்னும் செலுத்தி, குதிகால், முன்பாதம், விரல் என ஒவ்வொரு பகுதியாக நீட்ட வேண்டும். ஒரு வகுப்பில் பல முறை செய்யப்படும் இச்சிறு செயல் பாதத்தின் நுண்தசைகளைச் சிறுகச் சிறுக வலுப்படுத்துகின்றது. மூன்றாவது 'ரெலவே' என்னும் எழுச்சி. முன்பாதத்தின்மேல் எழுந்து மெல்ல இறங்க வேண்டும். எழுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம். தொப்பென்று விழாமல், எண்ணி எண்ணி இறங்கும்போதுதான் கெண்டைக்கால் வலிமை பெறுகின்றது. முதலில் இரு கால்களாலும், பின்னர் ஒற்றைக் காலாலும் இதனைச் செய்வர். ஒற்றைக் காலால் 20 முறை தடுமாறாமல் எழுந்திறங்குபவள் நல்ல முன்னேற்றம் கண்டவள் ஆவாள்.

இவையன்றி வீட்டில் அமர்ந்தபடியே செய்யத்தக்க பயிற்சியும் உண்டு. பாதத்தைத் தரையில் பதித்து, விரல்களை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்காலை மட்டும் ஒரு சிறு குவிமாடம் போல உயர்த்த வேண்டும். முதல் நாளில் எவ்வளவு முயன்றாலும் விரல்கள் மடங்கும். பாதம் சொன்னதைக் கேளாது. சில வாரங்களில் கேட்கத் தொடங்கும். நடுவுடலை வலுப்படுத்த, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல நேராக நிறுத்துவர். ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிச் சமநிலை காப்பர். இவற்றுள் எதுவும் காண்போரைக் கைதட்டச் செய்வதன்று. ஆயினும் கைதட்டலைப் பெறும் நடனம் இவற்றினின்றே பிறக்கின்றது.

தகுதியை அளந்தறியவும் முறைகள் உள்ளன. ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னே சாய்த்து, மற்றொரு காலைப் பின்னே நீட்டி, கைகளை இருபுறமும் விரித்தால் பறக்கும் விமானம் போன்ற தோற்றம் உண்டாகும். அந்நிலையில் நிற்கும் காலை மடக்கிக் கைகளால் தரையைத் தொட்டு மீண்டும் எழ வேண்டும். இதனை 5 முறை செய்யும்போது குறைந்தது 4 முறை இடுப்பும் முழங்காலும் பாதமும் நெறி தவறாதிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவி இறங்குதல், ஒரு சுழற்சி சுழன்று சாயாமல் நிற்றல் என்பனவும் இத்தகைய சோதனைகளே. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, வயதைக் காட்டிலும் இச்செயற்சோதனைகளே தகுதியைத் தெளிவாகக் காட்டுகின்றன என்று எடுத்துரைத்தது. பாதத்தை மட்டும் பாராமல் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்நிலையில் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வயது பதின்மூன்று. நான்கு ஆண்டுகளாகப் பாலே பயில்கின்றாள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை மாணவியரின் பாதங்களை ஒவ்வொன்றாக ஆராய்கின்றார். அவளுடைய தோழியை நோக்கி, "நீ காலணி வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். அவளை நோக்கி, "நீ இன்னும் ஆறு திங்கள் பொறுத்திரு" என்கிறார். சிறுமியின் கண்கள் கலங்குகின்றன. நாமும் தோழியோடு ஒன்றாகத்தானே தொடங்கினோம், நம்மிடம் என்ன குறை என்று அவள் ஏங்குகின்றாள். எப்படியேனும் காலணி ஒன்றை வாங்கி வீட்டில் தனியே முயன்று பார்க்கலாமா என்ற எண்ணமும் அவளுக்கு எழுகின்றது.

அவ்வெண்ணத்திற்கு அவள் இணங்கினால் நேர்வது யாது? அவள் எழுந்து நிற்கக்கூடும், அதுவே இடர். வலுவற்ற கணுக்கால் அரிவாள் போல ஒரு புறமாக வளையும். வளைந்த நிலையில் உடலின் எடை இறங்கினால் கணுக்கால் பிசகும். விரல்கள் அஞ்சி மடங்கும். மடங்கிய மூட்டுகள் புண்படும். குதிகாலின் பின்னேயுள்ள நாண்கள் மிகையாக உழைத்து வீங்கும். எலும்பில் நுண்ணிய விரிசல் காணுதலும் உண்டு. இவற்றினும் பெரிய கேடு மற்றொன்று. தவறான முறையில் நிற்க உடல் ஒரு முறை பழகிவிட்டால், அப்பழக்கத்தை மாற்றுதல் புதிதாகக் கற்பதினும் கடினமாகும். ஆறு திங்கள் பொறுக்க மாட்டாதவள் ஆண்டுக்கணக்கில் ஆட முடியாமற்போகலாம். ஆசிரியை மறுத்தது அவள் ஆசையை அன்று. அவள் பாதத்தைக் காத்தார்.

சிறுமி அதனை உணர்ந்தாள் என்று கொள்வோம். அவள் நாள்தோறும் குவிமாடப் பயிற்சி செய்கின்றாள். எழுந்திறங்குவதை எண்ணிக் குறித்து வைக்கின்றாள். முதல் வாரத்தில் ஒற்றைக் காலால் எட்டு முறை, மூன்றாம் திங்களில் பதினைந்து முறை, பிறகு இருபது. ஆறு திங்கள் சென்றபின் ஆசிரியை மீண்டும் அவள் பாதத்தை ஆராய்கின்றார். இப்போது அவர் சொல்லும் சொல் வேறு. பொறுத்திருந்த அத்திங்கள்கள் வீணாகக் கழிந்தவை அல்ல. அவையே அவளுடைய நுனிவிரற் பயிற்சியின் முதற் பாடம்.

காலணி கிடைத்தபின்னும் அவசரத்திற்கு இடமில்லை. உருசிய நாட்டின் புகழ்பெற்ற நடன ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவா அம்மையார் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் முறையை வகுத்துக் காட்டினார். தொடக்க மாணவி, உடல் நன்கு சூடேறிய பின், வகுப்பின் இறுதியில் சில நிமிடங்கள் மட்டுமே பயில வேண்டும். சுவரோரம் பொருத்திய கைபிடிக் கம்பத்தை நோக்கி நின்று, இரு கைகளையும் அதன்மேல் இலேசாக வைக்க வேண்டும். கம்பம் ஊன்றுகோல் அன்று; அதனை இறுகப் பற்றித் தொங்குபவள் காலால் நிற்கவில்லை, கையால் நிற்கின்றாள். இரு கால்களையும் மடித்து, முன்பாதத்தைக் கடந்து நுனிக்கு எழுந்து, ஒரு கணம் நின்று, வந்த வழியே முறையாக இறங்க வேண்டும். இவ்வாறு பல வாரங்கள் சென்றபின் நிமிடங்கள் கூடும். பல திங்கள் சென்றபின் கம்பத்தை விட்டு அறையின் நடுவே வருவாள். ஒற்றைக் காலில் எழுதலும் சுழலுதலும் அதற்கும் பின்னரே. ஆசிரியர் கண்ணெதிரேயன்றி வீட்டில் தனியே நுனிவிரலில் எழுதல் தொடக்க மாணவிக்குத் தகாது.

வலியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நுனிவிரல் நடனம் வலியின்றிக் கைவராது என்று சிலர் பெருமையாகப் பேசுவர். உழைத்த தசையில் உண்டாகும் அசதி வேறு; எலும்பிலும் மூட்டிலும் குத்தும் வலி வேறு. முன்னது ஓய்வில் தீரும், பின்னது எச்சரிக்கை. அதனைப் பல்லைக் கடித்துப் பொறுத்தல் வீரம் ஆகாது. உடனே நிறுத்தி ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கூறுவதே அறிவுடைமை. அவ்வாறே உடல் இலேசாக வேண்டுமென்று உணவைக் குறைப்பதும் பெருந்தீங்கு. வளரும் பருவத்தில் உணவு குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். வலுவிழந்த எலும்பின்மேல் எவ்வளவு குறைந்த எடையும் பெருஞ்சுமையே. உயரம் விரைந்து கூடும் திங்கள்களில், நேற்றுவரை எளிதாக நின்ற பிள்ளையும் தடுமாறுவாள். அது அவள் பிழையன்று. கால்கள் நீண்டமையால் உடல் தன் சமநிலையை மீண்டும் கற்கின்றது. அக்காலத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

எல்லாப் பாதங்களும் இக்கலைக்கு அமைந்தவை அல்ல என்பதும் உண்மை. எலும்பின் அமைப்பு இடங்கொடாத சிலர், எவ்வளவு முயன்றும் முழு நுனியில் நிற்க இயலாது. அது இழிவன்று. நுனிவிரலில் ஏறாமலே பாலே ஆடி மகிழ்வோரும், வேறு நடனங்களில் சிறந்து விளங்குவோரும் பலர். தன் உடலை உள்ளபடி அறிதலும் கலையின் ஒரு பகுதியே.

நம் நாட்டு நடன வரலாற்றிலும் இக்கலையின் தொடர்பு ஒன்று உண்டு. முன்னர்க் கூறிய அன்னா பாவ்லோவா அம்மையார் உலகெங்கும் சென்று ஆடியவர், இந்தியாவிற்கும் வந்தவர். 1920-களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் அவருடன் நட்புக் கொண்டார். அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டி என்பவரிடம் பாலே பயிலவும் செய்தார். நும் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா அம்மையார் தந்த ஊக்கம் ருக்மிணி தேவியாரைப் பரதநாட்டியத்தின்பால் திருப்பியது. 1936-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. ஒரு கலை விண்ணை நோக்கி எழுகின்றது. மற்றொன்று அரைமண்டியில் அமர்ந்து மண்ணைத் தட்டி ஒலிக்கச் செய்கின்றது. நோக்கம் வேறாயினும் இரண்டும் கேட்கும் விலை ஒன்றே. அவ்விலை, நாள் தவறாத உழைப்பு.

மேடையில் நாம் காண்பது சில நொடிகளே. வெள்ளை உடை அசைகின்றது; விரல்நுனி தரையைத் தொட்டும் தொடாததும் போலச் செல்கின்றது. அவ்வழகின் பின்னே, சுவரோரக் கம்பத்தருகே கழிந்த ஆயிரக்கணக்கான மணி நேரங்கள் உள்ளன. யாரும் பாராத இடத்தில் உள்ளங்காலை உயர்த்திப் பழகிய மாலைப்பொழுதுகள் உள்ளன. இன்னும் பொறுத்திரு என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பயிற்சிக்கு நின்ற நாள்களும் உள்ளன. நுனியை அடைய விரும்புவோர் அடியிலிருந்தே ஏற வேண்டும். நடனத்திற்கு மட்டுமன்று, நாம் கற்க விரும்பும் கலைகள் அனைத்திற்கும் இது பொருந்தும்.